தார்க்கோடு

எமரால்டு அணையில் நீர்மட்டம் எழுதுவது என் வேலை.
காலை ஆறு, மாலை ஆறு.
சிமென்டுத் தூணில் வெள்ளைக் கோடுகள்;
தண்ணீர் எதைத் தொடுகிறதோ அதுதான் எண்.
மழைக்காலத்தில் கூடுதலாக ஒரு தடவை, நனைந்துகொண்டு.

தொம்மை மிக்கேல் தூத்துக்குடிக்காரன்.
அணைக்குச் சென்ட்ரிங் அடிக்க வந்தவன்
அணை முடிந்தும் மலையிறங்கவில்லை.
மிஞ்சின பலகையும் கற்பூர மரமும் சேர்த்து
ஒரு தோணி கட்டினான்.
ஒற்றைப் பாய்மரம், லாரித் தார்ப்பாயில் பாய்.
கடலே பார்க்காத ஊர் கூடி நின்று பார்த்தது.
எருமைக் கொட்டிலைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது
என்றார் போஜ கவுடர்.
பிறகு அவர்தான் பணம் போட்டார்.

அக்கரை ஹட்டிகளின் பாதையைத்
தண்ணீர் தின்றுவிட்டிருந்தது.
சுற்றிப் போனால் பதினோரு மைல்.
தோணியில், காற்றிருந்தால், முக்கால் மணி.

தோணியின் விலாவில்
ஒரு விரல் அகலத்துக்குத் தார்க்கோடு.
"இது முங்கிட்டா ஒரு மூட்டை ஏத்தப்படாது.
கடல்னா உப்பு தாங்கும் அண்ணாச்சி.
இது வெறுந்தண்ணி, கை குடுக்காது."
சொல்லிவிட்டுக் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தான்,
முகம் சுளித்தான்,
உப்புப் பத்தாத குழம்பைச் சுளிப்பது போல.

அந்த ஆடியில் மேட்டுப்பாளையம் மண்டியில்
கிழங்கு விலை ஒரே ராத்திரியில் இரட்டித்தது.
நான் அக்கரை மழைமானியைப் பார்க்கப் போயிருந்தேன்.
முப்பத்தெட்டு மூட்டை கிழங்கு.
அதன்மேல் முட்டைக்கோஸ், வலை வலையாக.
அதற்கும் மேல், சாக்கு சுற்றி,
என் மனைவி மாசிக்கு அவள் அண்ணன் கொடுத்த
தையல் மிஷின்.

கோடு இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.
நான் படித்தேன். பழக்கதோஷம், எண்ணாகவே படித்தேன்:
கோட்டுக்கு மேலே நாலு விரல்.

தொம்மை கவுடரைப் பார்த்தான்.
கவுடர் மேகத்தைப் பார்த்தார்.
பிறகு தொம்மை என்னைப் பார்த்தான்.
ஒன்பது வருஷமாய்
தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சொல்லிச்
சம்பளம் வாங்குகிறவன் நான்.
மிஷினை நன்றாகக் கட்டியாச்சா என்று கேட்டேன்.

பார்த்தவர் யாருமில்லை. மூடுபனி.
சரிவில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள்
பாய் படபடப்பதைக் கேட்டார்கள்,
அப்புறம் கேட்கவில்லை.
சாட்சி அவ்வளவுதான்.

கூடப் போன அரிக்கு நீச்சல் தெரியாது.
கோஸ் வலையைக் கட்டிக்கொண்டு கரை வந்து சேர்ந்தான்.
தொம்மைக்கு நீச்சல் தெரியும்.
மூன்று நாள் முட்டைக்கோஸ்கள்
ஒவ்வொன்றாய் வந்து ஒதுங்கின.
ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஓடினோம்.

தூத்துக்குடியிலிருந்து அக்கா வந்தாள், அந்தோணியம்மாள்.
கம்பளி இல்லாமல் நடுங்கிக்கொண்டு
வெகுநேரம் நின்றாள்.
"இதுலயா?" என்றாள்.
"அலையே இல்லியே."

பதிவேட்டில் குறிப்பு என்று ஒரு பத்தி உண்டு.
எழுதாதே என்றார் இன்ஜினியர்.
வாரியத்துத் தண்ணீரில் தோணிக்கு அனுமதி கிடையாது.
அனுமதி இல்லாதது எப்படி மூழ்கும்?
அன்றைய எண்ணை மட்டும் எழுதினேன். சரியான எண்தான்.

சித்திரையில் அணை இறங்கியது.
சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது தோணி.
ஆளுக்கொரு பலகை பிரித்துக்கொண்டு போனார்கள்.
பாய்மரம் கவுடர் கொட்டிலுக்கு விட்டம்.
விலாப்பக்கம் மட்டும் யாரும் எடுக்கவில்லை,
தார் பிசுபிசுத்தது, கையில் ஒட்டும் என்றார்கள்.
அருகில் போகாமலே படிக்க முடிந்தது.

மிஷினை நான்தான் தூக்கி வந்தேன்.
மாசி மண்ணெண்ணெய் விட்டாள்,
துருவைக் கோழியிறகால் வழித்தாள்,
சக்கரத்தில் கை வைத்துத் தள்ளினாள்.

சுற்றியது.

சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
மணி ஆறாகிறது என்று
வெளியே வந்துவிட்டேன்.